பிரஷ் திடீர்னு ஏன் ஓட மாட்டேங்குது? போட்டோ எடிட்டர்ல மோட்னா என்னன்னு பாக்கலாம்

எங்க தெரு முனையில ஒரு அக்கா தையல் கடை வச்சிருக்காங்க. ஆரி ஒர்க் ப்ளவுஸ் தச்சு முடிச்சதும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடுவாங்க, ஆர்டர் பாதிக்கு மேல அதுலதான் வருது. போட்டோவுல பின்னாடி பீரோ, அயர்ன் பாக்ஸ், வெட்டுத்துணி மூட்டை எல்லாம் தெரியுது, அதை எடுத்துட்டு வெள்ளையாக்கணும்னு ஆசைப்பட்டு மகனோட லேப்டாப்புல ஒரு போட்டோ எடிட்டர் போட்டு வீடியோ பாத்து கத்துக்க ஆரம்பிச்சாங்க. ரெண்டு நாள் நல்லாத்தான் போச்சு. மூணாவது நாள் ராத்திரி எட்டரை மணிக்கு போன்.

"தம்பி, பிரஷ் கெட்டுப்போச்சு. தேய் தேய்னு தேய்க்கிறேன் ஒண்ணுமே விழ மாட்டேங்குது. அழிச்சுட்டு திரும்ப இன்ஸ்டால் பண்ணணுமா?"

போய் பாத்தேன். படத்தை பெருசாக்கி ப்ளவுஸோட கழுத்து ஓரத்துல மவுஸ வச்சு தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க, உண்மையிலேயே ஒண்ணும் விழல. நான் படத்தை முழுசா தெரியுற மாதிரி சின்னதாக்குனேன். கீழ இடது மூலையில, ஸ்கிரீன்ல கடுகு அளவுக்கு ஒரு கட்டம், அதைச் சுத்தி கறுப்பும் வெள்ளையுமா கோடு ஓடிக்கிட்டு இருக்கு. எப்பவோ கை தவறி செலக்ட் டூல்ல ஒரு இழு இழுத்திருக்காங்க, அந்தக் கடுகு இன்னும் செலக்ட் ஆகியே இருக்கு, அவங்க வேலை செஞ்ச இடம் அதுல இருந்து ரொம்ப தூரம். "கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூணையும் சேத்து அழுத்துங்கக்கா"ன்னேன். அழுத்தினாங்க, கோடு போச்சு, பிரஷ் ஓடிடுச்சு.

அவங்க முகத்துல சந்தோஷத்தை விட கோவம்தான் அதிகமா இருந்துச்சு. ஒரு மணி நேரம் இதுக்கா போச்சுன்னு. அந்தக் கோவம் ரொம்ப நியாயமானதுன்னு நான் நினைக்கிறேன், அதனாலதான் இதை எழுதுறேன். போட்டோ எடிட்டிங் புதுசா கத்துக்கிறவங்க பாதில விட்டுட்டுப் போறதுக்கு நான் பாத்த வரைக்கும் முக்கியக் காரணம் இந்த ஒரே விஷயம்தான், இதை யாரும் முதல் நாளே சொல்லித் தர்றதில்ல. இதுக்குப் பேரு மோட்.

மோட்னா வேற ஒண்ணும் இல்ல. நீங்க செய்யுறது அதேதான், ஆனா மெஷின் இப்ப எந்த நிலையில இருக்குங்கிறத பொறுத்து பலன் மாறும். கேப்ஸ் லாக் போட்டா அதே பட்டன் பெரிய எழுத்து போடுது இல்லயா, அது ஒரு மோட். அக்காவுக்கு நான் தையல் மெஷினையே காட்டினேன். பாபின்ல நூல் சுத்தும்போது கைச்சக்கரத்து நடுவுல இருக்கிற திருகை லூஸ் பண்ணுவீங்கள்ல, அப்ப மிதிச்சா சக்கரம் மட்டும் சுத்தும், ஊசி இறங்காது. அதை மறுபடி டைட் பண்ண மறந்துட்டு துணியை வச்சு மிதிச்சா என்ன ஆகும்? "புதுசா வர்ற பொண்ணுங்க மெஷின் ரிப்பேர்னு சொல்லும்"னாங்க. அதேதான் இதுவும். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, தையல் மெஷின்ல திருகு கைக்குப் பக்கத்துலயே இருக்கு, ஊசி அசையாம நிக்கிறது கண்ணுக்குத் தெரியுது. போட்டோ எடிட்டர்ல இந்த மாதிரி திருகு ஏழெட்டு இருக்கு, எல்லாம் ஸ்கிரீனோட வேற வேற மூலையில விரல் நகம் அளவுல இருக்கு.

இந்தத் தொல்லையை கம்ப்யூட்டர்காரங்க ரொம்ப முன்னாடியே கண்டுபிடிச்சுட்டாங்க. ஜெராக்ஸ் கம்பெனியோட பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக் கூடத்துல வேலை பாத்த லாரி டெஸ்லர்னு ஒருத்தர், நாம தினமும் பண்ற கட், காப்பி, பேஸ்ட் இருக்கே, அதைக் கொண்டு வந்தவங்கள்ல முக்கியமானவர், 2020ல இறந்துட்டார். மோடே இருக்கக் கூடாதுங்கிறத அவர் ஒரு கொள்கையாவே வச்சிருந்தார், கார் நம்பர் பிளேட்லயே 'நோ மோட்ஸ்'னு போட்டுக்கிட்டவர். அதே கூடத்துல 1974ல வந்த ப்ராவோன்னு ஒரு எழுத்து எடிட்டரைப் பத்தி ஒரு கதை இன்னிக்கும் சொல்லுவாங்க: அதுல கட்டளை மோட்ல இருக்கிறது தெரியாம ஒருத்தர் எடிட்ங்கிற வார்த்தையை ஆங்கிலத்துல டைப் பண்ணா, முதல் எழுத்து டாக்குமெண்ட் முழுசையும் செலக்ட் பண்ணும், ரெண்டாவது எழுத்து அதை அழிக்கும், மூணாவது 'இனிமே டைப் பண்றத உள்ள சேரு'ன்னு சொல்லும், கடைசியா நாலாவது எழுத்து ஒண்ணு மட்டும் வெறும் பக்கத்துல நிக்கும்.

அப்படின்னா போட்டோ எடிட்டர்ல மோடே இல்லாம பண்ணியிருக்கலாமேன்னு கேக்கலாம். முடியாது, அதுதான் இதுல கஷ்டம். பிரஷ் ப்ளவுஸ் மேல படாம செவுத்துல மட்டும் படணும்னா 'இந்த இடத்துக்குள்ள மட்டும்'னு எங்கயாவது சொல்லி வைக்கணும், சொல்லி வச்சதை எடிட்டர் ஞாபகம் வச்சுக்கணும். அந்த ஞாபகம்தான் மோட். 1984ல ஆப்பிள் மேக்குக்கு மேக்பெயிண்ட்னு படம் வரையுற புரோகிராம் வந்தப்ப, அதை எழுதின பில் அட்கின்சன் செலக்ட் பண்ண இடத்தைச் சுத்தி கோடு ஓடுற மாதிரி பண்ணார், எறும்பு வரிசைன்னு அதுக்குப் பேராச்சு, ஞாபகத்தைக் கண்ணுக்குக் காட்ட அவர் செஞ்ச வழி அது, நாப்பது வருஷம் ஆகியும் இன்னும் அதேதான் ஓடுது. அப்புறம் 1990ல போட்டோஷாப் வந்துச்சு, 1994ல அதோட மூணாவது பதிப்புல லேயர் வந்துச்சு. 1995ல அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல படிச்ச ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ்னு ரெண்டு மாணவர்கள் கிம்ப்ங்கிற போட்டோ எடிட்டரை எழுத ஆரம்பிச்சாங்க, இலவசமா கிடைக்கிறதால நம்ம ஊர்ல நிறைய பேர் முதல்ல கைய வைக்கிறது அதுலதான். ஒவ்வொரு வசதி சேரும்போதும் 'இது எங்க விழணும்'ங்கிற கேள்விக்கு இன்னொரு திருகு சேந்துக்கிட்டே வந்துச்சு. பழகினவங்களுக்கு அது கைப்பழக்கம் ஆயிடுச்சு, புதுசா வர்றவங்க முப்பது வருஷத்துத் திருகையும் ஒரே நாள்ல சந்திக்கிறாங்க.

இனி ஒவ்வொண்ணா பாக்கலாம். நான் கிம்பை வச்சு சொல்றேன், போட்டோஷாப்லயும் பெரும்பாலும் இதே கதைதான்.

செலக்ஷன் பத்தி சொல்லிட்டேன். எதாவது செலக்ட் ஆகி இருந்தா அதுக்கு வெளிய பிரஷ், அழிப்பான் மாதிரி எந்த டூலும் தொடாது, அவ்வளவுதான் விதி. கிம்ப்ல எடுக்க கன்ட்ரோல் ஷிஃப்ட் ஏ, போட்டோஷாப்ல கன்ட்ரோல் டி. கூடவே ஒண்ணு, திடீர்னு படம் முழுக்க சிவப்புப் படலம் மூடிடுச்சுன்னா பயப்படாதீங்க, க்விக் மாஸ்க்னு இன்னொரு மோட் ஆன் ஆகியிருக்கு, கிம்ப்ல ஷிஃப்ட் க்யூ, போட்டோஷாப்ல வெறும் க்யூ. மறுபடி அதையே அழுத்தினா போயிடும்.

அடுத்தது லேயர், இங்கயும் நிறைய மாட்டுறோம். லேயர்னா கண்ணாடித் தாள் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின மாதிரின்னு எல்லாரும் சொல்லுவாங்க, சரிதான், ஆனா அதுல சொல்லாம விட்டது என்னன்னா எந்தத் தாள்ல இப்ப உங்க கை இருக்குங்கிறது படத்தைப் பாத்தா தெரியவே தெரியாது. லேயர் பேனல்ல எந்த வரி பளிச்னு இருக்கோ அதுல மட்டும்தான் பிரஷ் விழும். கீழ இருக்கிற லேயர்ல பெயிண்ட் பண்ணி மேல இருக்கிற லேயர் அதை மறைச்சுட்டா, பிரஷ் வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும், நீங்கதான் பாக்க முடியாது. இது ரொம்ப மோசமான வகை, ஏன்னா ஓடலன்னு நினைச்சு இன்னும் நாலு தடவை தேய்ப்போம், ஒரு மணி நேரம் கழிச்சு மேல் லேயரை மறைச்சுப் பாத்தா அடியில கிறுக்கல் கிறுக்கலா கிடக்கும்.

கிம்ப்ல லேயருக்கு எல்லைன்னு ஒண்ணு உண்டு, மஞ்சளும் கறுப்புமா ஒரு புள்ளிக்கோடு தெரியும். படம் பெருசா இருந்தாலும் லேயர் சின்னதா இருக்கலாம், அந்தக் கோட்டுக்கு வெளிய வரைஞ்சா விழாது. லேயர் மெனுவுல 'லேயர் டு இமேஜ் சைஸ்' கொடுத்தா சரியாயிடும். 2025 மார்ச்ல வந்த 3.0 பதிப்புல பிரஷ் ஆப்ஷன்லயே 'எக்ஸ்பாண்ட் லேயர்ஸ்'னு ஒரு டிக் வச்சிருக்காங்க, அதைப் போட்டுட்டா வரைய வரைய லேயர் தானா விரியும். இத்தனை வருஷம் கழிச்சாவது வந்துச்சேன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

லேயரோட ஓட்டி வர்ற இன்னொரு அதிர்ச்சி: அழிப்பான் எடுத்து செவுத்தை அழிக்கிறீங்க, பின்னாடி கட்டம் கட்டமா (அந்த இடம் காலின்னு அர்த்தம்) வரணும்னு வீடியோவுல காட்டினான், உங்களுக்கு வெள்ளையா வருது. போன்ல எடுத்த போட்டோ பெரும்பாலும் ஜேபெக், ஜேபெக்ல ஊடுருவித் தெரியுற தன்மைங்கிறதே கிடையாது, அதனால அந்த லேயர் ஆல்பா சேனல், அதாவது எந்த இடம் ஊடுருவித் தெரியணும்ங்கிற தகவல், இல்லாமதான் திறக்கும். ஆல்பா இல்லாத லேயர்ல அழிப்பான் அழிக்காது, பின்னணிக் கலரை பூசும். கிம்ப்ல இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன அடையாளம் இருக்கு, ஆல்பா இல்லாத லேயரோட பேரு லேயர் பேனல்ல தடிச்ச எழுத்துல இருக்கும். பேருல ரைட் கிளிக் பண்ணி 'ஆட் ஆல்பா சேனல்' கொடுங்க, எழுத்து மெலிசாயிடும், அப்புறம் அழிச்சா கட்டம் வரும். எழுத்து தடிமன் மாறுறதுதான் அறிகுறின்னு புதுசா வர்ற ஒருத்தர் எப்படி யோசிப்பாங்க சொல்லுங்க? இதெல்லாம் டிசைன் பண்ணவங்க பொறுப்பு, கத்துக்கிறவங்க குத்தமே இல்ல.

லேயர்ல எது தெரியணும் எது மறையணும்னு சொல்ற லேயர் மாஸ்க் வச்சிருந்தா, பேனல்ல ஒரே வரியில ரெண்டு குட்டிப் படம் இருக்கும், ஒண்ணு போட்டோ, ஒண்ணு மாஸ்க். எதைச் சுத்தி சட்டம் இருக்கோ அதுலதான் வேலை நடக்கும். சிவப்பு எடுத்து பெயிண்ட் பண்ணா சிவப்பு வராம படம் மங்குதுன்னா மாஸ்க்ல நிக்கிறீங்க. சிவப்பு எடுத்தா சாம்பலா விழுதுன்னா அது வேற, படமே கிரேஸ்கேல்ல, அதாவது கறுப்பு வெள்ளையில இருக்கு, இமேஜ் மெனுவுல மோட்ங்கிறதுல ஆர்ஜிபி, அதாவது கலர் ஆக்கிடுங்க.

மூவ் டூல் தனிக் கதை. கிம்ப்ல அதுக்கு வழக்கமான குணம் என்னன்னா மவுஸுக்கு அடியில எது இருக்கோ அதை இழுக்கும், நீங்க லேயர் பேனல்ல எதைத் தேர்ந்தெடுத்தீங்கன்னு பாக்காது. நடுவுல ஓட்டையா இருக்கிற லோகோ ஒண்ணு மேல் லேயர்ல வச்சிருக்கீங்கன்னு வைங்க, வளையல் மாதிரி. அந்த ஓட்டையில கிளிக் பண்ணி இழுத்தா லோகோ அப்படியே நிக்கும், அடியில இருக்கிற போட்டோ நகரும். டூல் ஆப்ஷன்ஸ்ல 'மூவ் தி ஆக்டிவ் லேயர்'னு மாத்திட்டா எங்க புடிச்சு இழுத்தாலும் தேர்ந்தெடுத்ததுதான் வரும், புதுசா கத்துக்கிறவங்க எல்லாரும் இதை முதல் நாளே மாத்தி வச்சுக்கணும்ங்கிறது என் கருத்து. அதே இடத்துல மேல மூணு குட்டி ஐகான் இருக்கும், முதலாவது லேயரை நகர்த்த, ரெண்டாவது செலக்ஷனை நகர்த்த, மூணாவது பாத், அதாவது பேனா டூல்ல போடுற கோட்டை நகர்த்த. ரெண்டாவதுல கை பட்டுடுச்சுன்னா எறும்பு வரிசை மட்டும் நகரும், படம் அசையாது.

பிரஷ்லயே இருக்கிற திருகும் உண்டு. ஒப்பாசிட்டி, அதாவது கலர் எவ்வளவு அழுத்தமா விழணுங்கிற அளவு, அதை யாரோ நூத்துக்கு அஞ்சுல வச்சிருப்பாங்க. சைஸ் ஒண்ணு ஆயிருக்கும், நாலாயிரம் பிக்சல் அகலம் இருக்கிற போன் போட்டோவை ஸ்கிரீன் அளவுக்குச் சுருக்கி வச்சிருக்கும்போது ஒரு பிக்சல் கோடு போட்டா எறும்பு முடி கூட தெரியாது. மோட் கட்டத்துல நார்மல்னு இல்லாம பிஹைண்ட்னு இருந்தா காலியா இருக்கிற இடத்துல மட்டும் விழும், முழுசா நிரம்பின போட்டோவுல எங்கயுமே விழாது. டூல் ஆப்ஷன்ஸ் பேனலோட அடியில வளைஞ்ச அம்புக்குறி ஒண்ணு இருக்கும், அதை அழுத்தினா அந்த டூல் பழைய நிலைக்கு வந்துடும்.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நினைக்கிற விஷயத்துக்கு வர்றேன். எதாவது ஆகலன்னா நம்ம கை தானா போற இடம் கன்ட்ரோல் இசட், அன்டூ. அக்காவும் அதைத்தான் செஞ்சிருந்தாங்க, திரும்பத் திரும்ப இருபது தடவை. அன்டூ படத்துல நடந்த மாற்றத்தைத்தான் திருப்பும், டூலோட செட்டிங்கைத் திருப்பாது. பிரஷ் ஒப்பாசிட்டி பூஜ்யத்துல இருந்தா நீங்க நூறு தடவை அன்டூ போட்டாலும் அது பூஜ்யம்தான். ஆனா ஒவ்வொரு அன்டூவுக்கும் அதுக்கு முன்னாடி ஒழுங்கா பண்ண வேலை ஒண்ணொண்ணா போய்க்கிட்டே இருக்கும். பிரச்சனை அப்படியே நிக்கும், உழைப்பு மட்டும் கரையும். அதனால எதாவது விழலன்னா கன்ட்ரோல் இசட் மேல கைய வைக்காதீங்க, முதல்ல கைய எடுத்துட்டு பாருங்க. போயிருந்தா எடிட் மெனுவுல அன்டூ ஹிஸ்டரி திறந்து கீழ இருக்கிற படியை கிளிக் பண்ணா திரும்ப வரும், ஆனா நடுவுல புதுசா எதுவும் வரையாம இருந்தாத்தான். பழைய போட்டோஷாப் வீடியோ பாத்து கத்துக்கிறவங்களுக்கு இதுலயே இன்னொரு குழப்பம் வரும்: 2018 அக்டோபர் வரைக்கும் அதுல கன்ட்ரோல் இசட் ரெண்டாவது தடவை அழுத்தினா முதல்ல எடுத்தது திரும்ப வந்துடும், பின்னால போய்க்கிட்டே இருக்க கன்ட்ரோல் ஆல்ட் இசட் அழுத்தணும். இப்போ மாத்திட்டாங்க.

பேனலே காணாம போறதும் இதே வகைதான். ரெண்டு பக்கமும் இருந்த எல்லாப் பேனலும் சட்டுனு மறைஞ்சு படம் மட்டும் நின்னா டேப் பட்டன்ல கை பட்டிருக்கு, இன்னொரு தடவை அழுத்துங்க. கிம்ப், போட்டோஷாப் ரெண்டுலயும் அதேதான். லேயர் பேனல் மட்டும் போயிருந்தா கிம்ப்ல கன்ட்ரோல் எல். பழைய கிம்ப்ல டூல் ஒரு விண்டோ, படம் ஒரு விண்டோ, லேயர் ஒரு விண்டோன்னு பிரிஞ்சு கிடக்கும், 2012ல 2.8 பதிப்புலதான் எல்லாம் ஒரே விண்டோவுல வர்ற வசதி வந்துச்சு, 2018ல 2.10 வந்தப்புறம்தான் அது தானாவே ஆன் ஆகி வருது. பழைய கம்ப்யூட்டர்ல பழைய பதிப்பு வச்சிருந்தா விண்டோஸ் மெனுவுல 'சிங்கிள் விண்டோ மோட்' டிக் பண்ணிக்கோங்க.

2.10 வச்சிருக்கிறவங்களுக்கு பேஸ்ட் பண்ணப்புறம் எல்லாம் உறைஞ்சு போற மாதிரி இருக்கும். லேயர் பேனல்ல 'ஃப்ளோட்டிங் செலக்ஷன்'னு ஒண்ணு மேல மிதந்துக்கிட்டு இருக்கும், அதுக்கு ஒரு முடிவு சொல்லாம அடுத்த வேலைக்கு விடாது. கன்ட்ரோல் ஷிஃப்ட் என் அழுத்தினா தனி லேயர் ஆயிடும், கன்ட்ரோல் எச் அழுத்தினா கீழ இருக்கிறதோட ஒட்டிக்கும். 3.0ல சாதாரணமா பேஸ்ட் பண்ணாலே புது லேயராத்தான் வருது.

சேவ் பண்றதுலயும் ஒரு தடுக்கு உண்டு. கிம்ப்ல கன்ட்ரோல் எஸ் போட்டா எக்ஸ்சிஎஃப்னு ஒரு ஃபைல்தான் ஆகும், அதை வாட்ஸ்அப்ல போட்டா படமா வராது. ஜேபெக் வேணும்னா ஃபைல் மெனுவுல 'எக்ஸ்போர்ட் ஆஸ்', இல்லன்னா கன்ட்ரோல் ஷிஃப்ட் ஈ. 2.8ல இப்படிப் பிரிச்சப்ப நிறைய பேருக்குக் கோவம் வந்துச்சு, ஆனா நான் இதுக்கு ஆதரவுதான். ஜேபெக்ல லேயர் நிக்காது, எல்லாம் ஒரே தாளா ஒட்டிப்போயிடும், நாளைக்கு அந்த ப்ளவுஸோட பின்னணியை மட்டும் மாத்தணும்னா முடியாது. எக்ஸ்சிஎஃப் இருந்தா முடியும். அந்தப் பேரு கூட கிம்பாலும் மாட்டிஸும் இருந்த பெர்க்லி மாணவர் கம்ப்யூட்டர் குழுவோட பேருல இருந்து வந்ததுதான்.

இதுல எடிட்டர் சும்மா இருக்கிறதில்லங்கிறதையும் சொல்லணும். மறைச்சு வச்ச லேயர்ல வரையப் போனா 'அந்த லேயர் தெரியல'ன்னு சொல்லும், பூட்டின லேயர்ல போனா 'பூட்டியிருக்கு'ன்னு சொல்லும். ஆனா எங்க சொல்லுதுன்னா விண்டோவோட அடிவிளிம்புல பொடி எழுத்துல, நம்ம கண்ணு அப்ப பிரஷ் நுனியில இருக்கு. கூப்பிடுறவன் வாசல்ல நின்னு முணுமுணுத்தா கொல்லையில பாத்திரம் தேய்க்கிறவங்களுக்கு எப்படி கேக்கும்? அதனால விழலன்னதும் முதல் பார்வை அடிவிளிம்புக்குப் போகட்டும். அங்க ஒண்ணும் இல்லன்னா படத்தை முழுசா சின்னதாக்கி எறும்பு ஓடுதான்னு பாருங்க, அப்புறம் லேயர் பேனல்ல எந்த வரி பளிச்னு இருக்கு, கண் ஐகான் இருக்கா, பூட்டு இருக்கா, கடைசியா டூல் ஆப்ஷன்ஸ். இந்த வரிசைக்குக் காரணம், மேல சொன்னதுதான் அதிகமா நடக்குது.

அக்காவை நான் அடுத்த நாள் ஒரு வேலை செய்ய வச்சேன், நீங்களும் செய்யலாம். வேண்டாத போட்டோ ஒண்ணை திறங்க. மூலையில வேணும்னே கடுகு அளவுக்கு ஒரு செலக்ஷன் போடுங்க, படத்தை பெருசாக்கி வேற இடத்துக்குப் போய் பிரஷ் தேய்ங்க, விழாது, எடுத்துட்டு மறுபடி தேய்ங்க, விழும். புது லேயர் ஒண்ணு போட்டு அதோட கண் ஐகானை அழுத்தி மறைச்சு வச்சுட்டு அதுல வரையப் பாருங்க, அப்ப அடிவிளிம்புல என்ன வருதுன்னு படிங்க. ஒப்பாசிட்டியை ரெண்டாக்கிட்டு ஒரு கோடு போடுங்க. டேப் அழுத்தி எல்லாத்தையும் மறைச்சுட்டு திரும்பக் கொண்டு வாங்க. இருபது நிமிஷம் ஆகும். அக்கா கடைசியில அழிப்பானை எடுத்துக்கிட்டு, "இரு தம்பி, தடிச்ச எழுத்தா மெலிசான்னு பாத்துக்கறேன்"னு லேயர் பேனல் பக்கம் மூக்கு இடிக்கிற அளவுக்கு குனிஞ்சு பாத்தாங்க. தடிச்சுத்தான் இருந்துச்சு.